நான்கு கிலோ பொமரேனியனுக்குக் காய்கறி: அலசிய சாம்பார்க் காய் போதுமா?

பொம்மி வீட்டார், திருச்சி:
எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பெண் பொமரேனியன் இருக்கிறது. எடை 4 கிலோ. கடையில் வாங்கும் உலர் தீவனத்தோடு தினமும் சிறிது காய்கறியும் கொடுத்து வருகிறோம். என் மாமியார் சாம்பாரிலிருந்து கேரட்டையும் பீன்ஸையும் எடுத்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுத்தான் வைக்கிறார். காரம் போய்விட்டால் தீங்கில்லை என்பது அவருடைய எண்ணம். சென்ற வாரம், வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட் துண்டு ஒன்று தொண்டையில் சிக்கி, பொம்மி முன்னங்காலால் வாயைப் பிறாண்டியபடி இருமியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளையாகத் துண்டு தானே வெளியே வந்துவிட்டது. எந்தக் காயை, எவ்வளவு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரூர் வாசகி:
சகோதரி, முதலில் அந்தச் சாம்பார்க் காயை இன்றே நிறுத்திவிடுங்கள். அலசினால் மேலே இருக்கும் காரம்தான் போகும். வெங்காயச் சாறு காய்க்குள் ஊறியிருக்கும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்த நச்சுத்தன்மை போவதில்லை. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே வேளையில் உள்ளே போனாலே ஆபத்து என்பது கால்நடை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பொம்மிக்கு அது 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். தினமும் சிறிது சிறிதாகப் போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும் என்பதால்தான் சாம்பாரைக் குறிப்பாகச் சொல்கிறேன். எடைக்கு எடை பார்த்தால் பூண்டு இன்னும் கடுமையானது.

எங்கள் நாய் ஒருமுறை வெங்காயத் தொக்கை வழித்துச் சாப்பிட்டுவிட்டது. இரண்டு நாள் ஓடியாடிக்கொண்டிருந்ததால் நாங்களும் கவலைப்படவில்லை. நான்காம் நாள் படியேற மறுத்துப் படுத்துவிட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனது. மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. வெங்காயம் தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்று நாய் வளர்ப்பவர்:
கரூர் அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அளவைப் பற்றி நான் சொல்கிறேன். 4 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிலோகலோரி தேவைப்படும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீவனம் அல்லாதவற்றிலிருந்து வரக்கூடாது. கணக்குப்படி அரைக் கேரட் தாராளமாகக் கொடுக்கலாம் என்றாலும், அந்தச் சிறிய வயிற்றில் நார்ச்சத்து அதிகமானால் பேதி ஆகும் என்பதால் நான் இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். குக்கரில் பருப்பு வைக்கும்போதே, உப்பும் மஞ்சளும் சேர்க்காமல், சிறு கிண்ணத்தில் கேரட், பீன்ஸ், மஞ்சள் பூசணி இவற்றில் ஒன்றை வைத்து வேகவிட்டு, ஆறியபின் மசித்துக் கொடுங்கள். மலச்சிக்கல், இளகல் இரண்டுக்குமே பூசணி நல்லது. பச்சையாகக் கொடுக்க விரும்பினால் கேரட்டைத் துருவிப் போடுங்கள். வட்டத் துண்டு மூச்சுக்குழாய் வாயைத் தக்கை போல அடைத்துவிடும். புதிய காய் எதுவானாலும் மூன்று நான்கு நாள் அது ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு கூடாது. சோளக் கதிரின் தக்கையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். சிறுநீரில் கல் வந்த நாய்க்குப் பசலைக் கீரையைத் தவிர்க்க வேண்டும். காய் இல்லை என்றாலும் திராட்சையைச் சொல்லாமல் விடமாட்டேன்: பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சைகூடச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும்.

கரூர் வாசகி:
பீட்ரூட் கொடுத்தால் சிறுநீர் சிவந்து போகலாம். இரத்தம் என்று பதற வேண்டாம், ஆனால் கொடுத்த நாளைக் குறித்து வையுங்கள்.

பொம்மி வீட்டார், திருச்சி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிகாஷன் நிறத்தைப் பற்றிப் படித்துக் காட்டியதும், மாமியார் தாமே எழுந்து போய் வெங்காயக் கூடையைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டார். பொம்மியின் உதட்டைத் தூக்கி இன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. இருந்தாலும் நாளைக் காலை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறோம்.