பாப் பாட்டு கேட்டு ஆங்கில வார்த்தைகள் கற்றுக்கொள்ள முடியுமா?

மழைக்குருவி:
இலக்கணம் ஓரளவு தெரியும், பேச ஆரம்பித்தால்தான் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. ஆங்கிலப் பாப் பாட்டு நிறைய கேட்கிறேன், வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கூடவே படிக்கவும் செய்கிறேன், ஆனால் மெட்டு மனதில் நிற்கிற அளவுக்கு வார்த்தை நிற்பதில்லை. இது வெட்டி வேலையா, இல்லை நான் செய்கிற முறை சரியில்லையா?

பழைய_கேசட்:
கேட்டால் போதாது, வாய்விட்டுப் பாட வேண்டும். 2014-இல் வெளிவந்த எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 60 பேருக்கு ஹங்கேரிய மொழித் தொடர்களை 15 நிமிடம் சொல்லிக்கொடுத்தார்கள். சிலர் சாதாரணமாகத் திருப்பிச் சொன்னார்கள், சிலர் தாளத்தோடு சொன்னார்கள், சிலர் பாடினார்கள். பிறகு சோதித்தபோது அந்த மொழியில் நினைவிலிருந்து சொல்வதில் பாடியவர்கள்தான் முந்தினார்கள். கவனியுங்கள், எல்லாமே சின்னச் சின்னத் தொடர்கள். அதனால் முழுப் பாட்டோடு மல்லுக்கட்டாமல் பல்லவியை மட்டும் எடுத்து, வரியைப் பார்க்காமல் பாடுங்கள். எங்கே முனகிச் சமாளிக்கிறீர்களோ அங்கேதான் உங்களுக்குத் தெரியாத வார்த்தை இருக்கிறது.

சும்மா_ஒருத்தன்:
பாடுங்கள், ஆனால் அதை அப்படியே தேர்வில் எழுதிவிடாதீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1965-இல் வெளியிட்ட 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் 'கான்ட் கெட் நோ' என்று இரண்டு எதிர்மறை சேர்ந்து வரும். பேச்சில் அது அழுத்தத்துக்காக, எழுத்தில் தப்பு என்று திருத்துவார்கள். மெட்டுக்காக அசைகளை இழுப்பதும் விழுங்குவதும் உண்டு, எனவே புதுச் சொல் என்றால் அகராதியில் உச்சரிப்பை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அப்புறம் காதல், இரவு, கண்ணீர் என்று அதே பத்து விஷயத்தைத்தான் பெரும்பாலான பாட்டு சுற்றும், எனக்கு அதுதான் அலுப்பு.

மழைக்குருவி:
ராப் எப்படி? அதில் சொல் நிறைய இருக்குமே.

பழைய_கேசட்:
கொட்டிக் கிடக்கும். ஆனால் அந்த வேகமும் கொச்சை வழக்கும் சேர்ந்து ஆரம்பத்தில் திணறடிக்கும். இப்போதைக்கு ஃபோக் (நாட்டுப்புறப் பாட்டு), கன்ட்ரி (அமெரிக்கக் கிராமியப் பாட்டு) பக்கம் போங்கள், கதை சொல்கிற பாட்டு நிறைய கிடைக்கும், முன்பின் வரிகளை வைத்தே அர்த்தத்தை ஊகிக்கலாம். 'கிவ் அப்', 'ஹோல்ட் ஆன்' மாதிரி சேர்ந்தே வருகிற தொடர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பேச்சில் கைகொடுப்பது அவைதான். ஒன்று கிடைத்தால் அன்றைக்கே காதலுக்குச் சம்பந்தமில்லாத வாக்கியத்தில் போட்டுப் பேசிப் பாருங்கள்.

சும்மா_ஒருத்தன்:
வரிகளை ஒரே தளத்தில் எடுக்காமல் இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ரசிகர்கள் காதில் விழுந்தபடி எழுதிப் போட்டதும் அங்கே நிறைய உண்டு.