மணல்மேட்டுக் குளத்தை எவ்வளவு ஆழம் தூர் வாரலாம்? வடிகாலில் ஏறும் உப்புநீரை எப்படித் தடுப்பது?

கேள்வி: மணற்காட்டு உழவன்

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யத்தை ஒட்டிய மணல்மேட்டுக் கிராமம் ஒன்றில் புகையிலையும் மல்லிகையும் பயிரிட்டு வாழ்கிறோம். ஊர் நடுவே ஏறக்குறைய மூன்று ஏக்கரில் ஒரு குளம் இருக்கிறது. கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருவதற்கு முன்பு, இந்தக் குளமும் அதன் கரையில் உள்ள இரண்டு கிணறுகளுமே ஊருக்குக் குடிநீர் தந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து, மின்சாரமும் குழாய்நீரும் நின்றுபோன நாட்களில், நாங்கள் மறுபடியும் குடங்களை எடுத்துக்கொண்டு அந்தக் கிணறுகளுக்குத்தான் போனோம். அதனால் இக்குளத்தைக் கைவிட ஊரில் எவருக்கும் மனமில்லை.

சில ஆண்டுகளாகச் சித்திரை பிறந்ததும் குளத்துநீர் உவர்க்கத் தொடங்குகிறது. குளம் நிரம்பினால் மிகைநீர் வெளியேறும் கலிங்கிலிருந்து புறப்படும் வடிகால் இரண்டு கிலோமீட்டர் ஓடி உப்பாற்றில் சேர்கிறது. கோடையில் ஓதம் ஏறும்போது அந்த வடிகால் வழியாகவே உப்புநீர் மேலேறி வருவதைக் கண்ணால் பார்க்கிறோம். வடிகாலின் ஒரு பக்கத்தில் இறால் பண்ணையும் வந்துவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூர் வாரப் பணம் திரட்டி அனுப்பியிருக்கிறார்கள். குளத்தை 15 அடிக்கு ஆழப்படுத்தினால் கோடை முழுவதும் தண்ணீர் நிற்கும் என்று இளைஞர்கள் கருதுகிறார்கள். மணலை உடைத்தால் அடியிலிருந்து உப்பு வந்துவிடும் என்று பெரியவர்கள் மறுக்கிறார்கள். எத்தனை அடி தோண்டுவது சரி? வடிகாலின் கடைசியில் தடுப்பு கட்டலாமா? யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுமொழி 1: ஊற்றுக்கண்

ஐயா, நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதே சரி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தை வரவழைக்கும் நாளைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள்.

மணல்மேட்டில் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு எடை கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயரம் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடி நீர்மட்டம் நிலையாகக் குறைந்தால், கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறி வர இடம் கிடைக்கிறது. மணலில் பதினைந்து அடி தோண்டிய குளம் நீரைத் தேக்கி வைக்கும் பாத்திரமாக இருக்காது. அது வாய் அகன்ற கிணறாகிவிடும். சித்திரை வெயிலில் மூன்று ஏக்கர் பரப்பிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, சுற்றியுள்ள மணலில் இருக்கும் நன்னீரை அக்குளம் இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு நிறையத் தண்ணீர் தெரியும், எல்லோரும் மகிழ்வார்கள். அடுத்தடுத்த கோடைகளில் குளத்தோடு கரைக் கிணறுகளும் தோட்டக் குட்டைகளும் சேர்ந்து உவர்த்துப்போகும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் இந்தப் பாடம் கசப்பாகவே கற்கப்பட்டது. கடல்நீர் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மட்டக்களப்புப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலே எழும்பி நிலைமை இன்னும் மோசமானது. அளவோடு இறைத்து, மழை கழுவிவிடட்டும் என்று விடுவதே நல்லது என்ற அறிவுரை அதன் பிறகுதான் பரவலாகச் சொல்லப்பட்டது.

உங்கள் குளம் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டு மணலிலிருந்து ஊறி நிறையும் குளமா, வரத்து வாரி வழியாக வரும் மழைநீரைக் களிப் படுகை தாங்கி நிற்கும் குளமா? வைகாசியில் நீர் வற்றியிருக்கும்போது குளத்துக்குள் நான்கைந்து இடங்களில் மண்வெட்டியால் சிறு குழி எடுத்துப் பாருங்கள். மேலே கறுப்புச் சேறும் அதன் கீழே இறுகிய களியும் இருந்தால் சேற்றை மட்டும் வாரி எடுங்கள். களியில் ஒரு விரற்கடைகூடக் கை வைக்க வேண்டாம். சேற்றின் கீழே நேராக மணல் தெரிந்தால், சேற்றை எடுப்பதோடு ஊற்று தானாகவே திறந்துகொள்ளும். இரண்டு வகையிலும் எத்தனை அடி என்பதை அந்தக் குழியே சொல்லும். கரைந்த உப்பை அளக்கும் கையடக்கக் கருவி குறைந்த விலையில் கிடைக்கிறது. குளம், இரண்டு கிணறுகள், வடிகால் ஆகிய நான்கிலும் மாதம் இருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல்நீரில் அது சுமார் 35,000 இருக்கும். வடிகாலில் எண் ஏறிய பிறகு குளத்தில் ஏறுகிறதா, வடிகால் வறண்டு கிடக்கும்போதே குளத்தில் ஏறுகிறதா என்று ஓராண்டுக் குறிப்பு காட்டிவிடும். உப்பு பக்கவாட்டில் வருகிறதா, அடியிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் செலவழிக்கும் பணம் வீணாகலாம்.

மறுமொழி 2: கடைமடைக்காரி

மேலே ஐயா சொன்னதோடு, நில ஆவணங்கள் பற்றியும் நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஏரியில் நாங்கள் இதே வேலையைத் தொடங்கியபோது, இயந்திரம் வந்து நின்ற பிறகு எல்லைத் தகராறு கிளம்பி இருபது நாள் வேலை நின்றுபோனது. வாடகை மட்டும் ஓடியது. ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் வகை, பரப்பு குறித்த பதிவேடு) புலப்படத்தையும் பார்த்து, குளம் எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பில் நீர்நிலைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குளத்தின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வரத்து வாரிக்கும் வடிகாலுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். ஆக்கிரமிப்பு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். வாரி அடைபட்ட குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் மழைத்தண்ணீர் வந்து சேராது.

பிறகு கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடை வேலைக்கு முன்னால் வருவதால் உங்களுக்கு அதுவே பொருத்தமானது. 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கானது. ஊராட்சிக் குளத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால் 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அறிவிப்பு கொடுத்து அகற்ற வேண்டும். வாரிய சேற்றை உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட அரசிதழில் வந்த நீர்நிலை என்றால் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024 இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆனால் சேறு என்ற பெயரில் மணல் வெளியேறாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. லாரி ஏறும் இடத்தில் இரண்டு பேர் எப்போதும் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காவலைப் பெண்கள் குழுதான் ஏற்றது, ஒரு நடை மணல்கூட வெளியே போகவில்லை.

இறால் பண்ணை பற்றி: உங்கள் மாவட்டத்தில் இது புதிய போராட்டம் இல்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அமைந்த தீவிர இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பின்னர் 2005 இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அதன் வழிகாட்டு நெறிகளின்படி குடிநீர் ஆதாரத்திலிருந்து பண்ணை 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஐந்து எக்டேருக்கு மேற்பட்ட பண்ணை கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு வைத்திருக்க வேண்டும். பண்ணைக்குப் பதிவு உண்டா, தூரம் எவ்வளவு, கழிவுநீர் எங்கே விடப்படுகிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் நோட்டில் உள்ள அளவுகள் அப்போது பெரிதும் கைகொடுக்கும்.

மறுமொழி 3: முகத்துவாரத்தான்

வணக்கம் அண்ணா. நான் உப்பாற்று முகத்துவாரத்தை நம்பித் தொழில் செய்யும் ஊரைச் சேர்ந்தவன். வடிகாலின் கடைசியில் தடுப்பு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நிலையான சுவர் எழுப்பினால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மடவையும் கொடுவாவும் இறால் குஞ்சுகளும் கடலிலிருந்து ஏறி, இந்த உப்பாற்றுக் கிளைகளில் வளர்ந்துதான் திரும்புகின்றன. உங்களுக்கும் அது நல்லதாக இராது: ஐப்பசியில் மழை கொட்டும்போது வெள்ளம் வடிய வழியில்லாமல் உங்கள் புகையிலைக் கொல்லையிலேயே நிற்கும்.

அதற்குப் பதிலாக, குளத்துக்குக் கிட்டத்தில், கலிங்குக்குச் சற்றுக் கீழே, ஏற்றி இறக்கும் பலகை வைத்த சிறு மதகு போதும். மழை ஓய்ந்து முகத்துவாரத்தில் மணல் திட்டு போடத் தொடங்கும் காலத்தில் பலகையை இறக்கிவிட்டு, புரட்டாசிக் கடைசியில் தூக்கிவிட வேண்டும். டெல்டாவின் கடைமடை ரெகுலேட்டர்களின் ஷட்டரை ஏற்றி இறக்குவதும் இதே முறைதான். பலகையை எந்த நாளில் இறக்குவது, எந்த நாளில் தூக்குவது என்பதை உங்கள் ஊரும் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தால், பின்னால் சண்டை வராது. முன்பு இரண்டு ஊருக்கும் பொதுவாக, மதகைத் திறந்து மூடி நீரைக் கவனிக்கும் நீர்க்கட்டி ஒருவர் இருந்தார் என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார். அவருக்கு அறுவடையில் நெல்லும் கருவாடும் கூலியாகப் போகும். அந்த ஏற்பாடு எப்போது நின்றது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

கேட்டவர் எழுதுவது: மணற்காட்டு உழவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை அச்செடுத்து நேற்றிரவு ஊர்க்கூட்டத்தில் படித்தோம். ஓதமும் மழையும் தெரிந்த பெரியவர்கள் இத்தனை நாள் சொல்லியும் நாங்கள் காதில் வாங்காததற்கு, இளைஞர்கள் சார்பில் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். 15 அடித் திட்டத்தைக் கைவிட்டோம். இந்தக் கோடையில் குழி எடுத்துப் பார்ப்பது, வரத்து வாரியில் மண்டிய சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றுவது, அளவுக் குறிப்பு எழுதத் தொடங்குவது ஆகிய மூன்று வேலைகள் மட்டுமே. பணத்தை அனுப்பிய பிள்ளைகளும் இதற்கு ஒப்புக்கொண்டார்கள். தம்பி, வருகிற ஞாயிறன்று எங்களில் ஐந்து பேர் உங்கள் ஊருக்கு வருகிறோம். பஞ்சாயத்தாரிடம் சொல்லி வையுங்கள். ஒரே ஒரு சந்தேகம்: சீமைக்கருவேலத்தை எடுத்த கரை மழையில் சரியாமல் இருக்க என்ன வைக்கலாம்?

மறுமொழி 4: ஊற்றுக்கண்

கரையின் மேல் பனை விதை, நீர் தொடும் சரிவில் வெட்டிவேர். பனை விதையை ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது பொறுக்கி, மழைக்கு முன் ஊன்றிவிடுங்கள். வெட்டிவேரை முதல் மழை பெய்து மண் நனைந்த பிறகு நடுங்கள். குழி எடுத்ததும் சேற்றின் கனத்தையும் அதன் கீழே கண்டதையும் இங்கே எழுதுங்கள் ஐயா; படமும் இருந்தால் நல்லது.