தம்ப்நெயில் வேலை முடியவே மாட்டேன் என்கிறது: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

ஹால் சர்வர்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு பழைய மினி பிசி இருக்கிறது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, நான்கு கோர், 8 ஜிபி ராம், உபுண்டு. யுஎஸ்பியில் ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு மீடியா சர்வரைப் போட்டு, குடும்ப வீடியோக்களையும் கொஞ்சம் பழைய படங்களையும் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் கிடையாது.

பத்து நாளாக ராத்திரி 2 மணி ஆனால் அதன் ஃபேன் கத்த ஆரம்பிக்கிறது. முதலில் கவனித்தது அம்மா. தண்ணீர் குடிக்க எழுந்தவர், "யாருடா இந்நேரத்துல மிக்ஸி போட்டது?" என்று கேட்டார். நான் போய், எந்த வேலை எவ்வளவு பிராசஸரைத் தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், வீடியோவைப் பிரிக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் 380 சதவீதத்தில் நிற்கிறது. நான்கு கோருக்கு 400தான் உச்சம், ஆக மிச்சம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் யாரும் எதுவும் பார்க்கவில்லை. கொன்றுவிட்டேன். ஒரு நிமிடத்தில் இன்னொன்று முளைத்தது.

தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். டிவியில் வீடியோவை முன்னே தள்ளும்போது சின்னச் சின்னப் படங்கள் தெரியுமே, அந்தத் தம்ப்நெயில் வசதியைப் பத்து நாள் முன்புதான் ஆன் செய்தேன். 10 விநாடிக்கு ஒரு படம் என்று அமைப்பில் இருக்கிறது. மொத்தம் சுமார் 600 வீடியோ. ஒரு தடவை எல்லாவற்றுக்கும் படம் எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று விட்டேன். பத்து ராத்திரி ஆகியும் தீரவில்லை. இதில் மாட்டியவர்கள் எப்படி வெளியே வந்தீர்கள்?

லேப் அசிஸ்டென்ட்

கல்லூரி லேபில் வேலை. பாடங்களின் பதிவுகளுக்கு இதே மாதிரி முன்னோட்டப் படங்கள் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஒரு சின்னப் படம்தானே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு சூடு" என்று நானும் முதலில் நினைத்தேன்.

படம் சின்னதுதான், ஆனால் அதை எடுக்கும் வேலை சின்னதில்லை. 320 பிக்சல் அகலத்தில் ஒரு படம் வேண்டும் என்றாலும், 4கே வீடியோவை முழு அளவில் பிரித்த (டீகோட், அதாவது அடக்கி வைத்ததைப் படமாக விரிப்பது) பிறகுதான் சுருக்க முடியும். அதோடு வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. எப்போதாவது ஒரு கீஃப்ரேம் முழுதாக வரும். நடுவில் இருப்பவை எல்லாம் "முந்தியதிலிருந்து என்ன மாறியது" என்ற குறிப்புகள்தான், சிலவற்றுக்கு அடுத்து வருவதும் தெரிந்தாக வேண்டும். வீடியோவை அடக்கித் தரும் எக்ஸ்264, எக்ஸ்265 மென்பொருள்கள் இரண்டிலும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரை போகும். நொடிக்கு 25 என்றால் பத்து நொடி. நடுவில் ஒரு படம் கேட்டால் பின்னால் போய்க் கீஃப்ரேமைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும்.

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் இதைவிட மோசம். ஒரு மணி நேர வகுப்புக்கு 360 படம் வேண்டும் என்று வடிகட்டி போட்டேன். அது முதல் ஃப்ரேம் முதல் கடைசி ஃப்ரேம் வரை அத்தனையையும் பிரித்து, 360ஐ வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டது. ஒரு வகுப்புக்குப் பதினான்கு நிமிடம். அப்புறம் கீஃப்ரேம் அல்லாதவற்றைத் தொடாதே என்று ஒரே ஒரு விருப்பத்தைச் சேர்த்தேன். அதே வகுப்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது.

அதற்கும் விலை உண்டு. கீஃப்ரேம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் படம். 10:20 என்று நிறுத்தினால் 10:16இல் உள்ள காட்சி தெரியலாம். பாடத்துக்கு அது போதும். உங்கள் சர்வரில் "கீஃப்ரேமிலிருந்து மட்டும்" என்று ஒரு தேர்வு இருக்கிறதா பாருங்கள். இப்போது பலவற்றில் இருக்கிறது.

கல்யாண ஆல்பம்

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். எனக்கு சர்வர் கிர்வர் எல்லாம் தெரியாது, விண்டோஸ் மட்டும்தான். ஆனால் கதை இதேதான்.

எடிட்டிங் கம்ப்யூட்டரில் முகூர்த்த ஃபோல்டரைத் திறந்தாலே போதும், ஏரோபிளேன் கிளம்புகிற சத்தம். டாஸ்க் மேனேஜரில் "காம் சரகேட்" என்று ஒன்று 90 சதவீதத்தில் இருக்கும். பெயரைப் பார்த்து வைரஸ் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க ஸ்கேன் போட்டவன் நான். சிரிக்காதீர்கள். பிறகுதான் தெரிந்தது, விண்டோஸ் தம்ப்நெயில் எடுக்கும் வேலையை வேண்டுமென்றே தனியாக அதனிடம் கொடுத்து வைத்திருக்கிறது. ஒரு கெட்ட வீடியோவால் அது விழுந்தாலும் எக்ஸ்ப்ளோரர் விழாமல் இருப்பதற்காக.

என் கேமரா கோப்புகள் 4கே, 10 பிட், 4:2:2 (நிறத்தைக் கூடுதல் விவரமாகப் பதியும் ரகம்). இந்த 4:2:2 ரகத்தைப் பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகள் தாங்களாகப் பிரிக்காது. என்விடியாவில்கூட 2025இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. ஆக முழுப் பாரமும் பிராசஸர் தலையில்தான்.

சரி, ஒரு தடவை எடுத்தால் விண்டோஸ் அதைத் தம்ப்கேஷ் என்ற கோப்புகளில் சேர்த்து வைத்துக்கொள்ளுமே, மறுநாள் மறுபடி ஏன்? அங்கேதான் என் முட்டாள்தனம். கம்ப்யூட்டர் வேகமாக இருக்கட்டும் என்று ஒரு "சுத்தம் செய்யும்" மென்பொருளைப் போட்டு, தினமும் அணைக்கும்போது ஓடும்படி வைத்திருந்தேன். அது முதலில் துடைப்பதே தம்ப்நெயில் சேமிப்பைத்தான். வேகத்துக்காகப் போட்டது தினமும் 400 கிளிப்புக்கு மறுபடி மறுபடி படம் எடுக்க வைத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன். ரா ஃபோல்டர்களை "டீட்டெயில்ஸ்" பார்வைக்கு மாற்றினேன், பெயரைப் பார்த்தால் எனக்குப் போதும். இப்போது ஃபோல்டரைத் திறந்தால் அமைதி.

டாஷ்கேம்

என் அனுபவமும் "முடியாத வேலை"தான், ஆனால் காரணம் வேறு.

காரில் உள்ள கேமரா மூன்று மூன்று நிமிடமாகப் பதிவு செய்யும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கும்போது கடைசிக் கோப்பு பாதியிலேயே செத்துவிடும். எம்பி4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை தனியாக இருக்கிறது. பெரும்பாலும் பதிவு முடிந்த பிறகுதான் அதைக் கடைசியில் எழுதுவார்கள். கரண்ட் போனால் படமெல்லாம் உள்ளே இருக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. எந்த பிளேயரிலும் திறக்காது.

நான் அவற்றை அப்படியே வீட்டு சர்வருக்குக் காப்பி செய்துவிட்டேன். என் லினக்ஸ் டெஸ்க்டாப் புத்திசாலி. படம் எடுக்க முடியாத கோப்புகளைக் கேஷ் ஃபோல்டரில் "ஃபெயில்" என்ற இடத்தில் குறித்துக்கொள்ளும், கோப்பு மாறாதவரை மறுபடி தொடாது. ஆனால் நான் வைத்திருந்த சர்வருக்கு அந்த ஞாபகம் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அதே உடைந்த கோப்புகளை எடுத்து, முட்டி, தோற்று, மறுநாள் மறுபடி வரும். நான் கண்டுபிடித்தது சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்பான லாகில். ஒரே கோப்பின் பெயர் ஏழு நாளும் வந்திருந்தது. ஹால் சர்வர் அண்ணா, உங்கள் லாகில் அப்படி ஏதாவது திரும்பத் திரும்ப வருகிறதா?

கமாண்ட் லைன்

எனக்கு நானே வைத்துக்கொண்ட சூனியம் இது. எம்பிவி பிளேயருக்கு தம்ப்ஃபாஸ்ட் என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. கீழே உள்ள பட்டையில் மவுஸை வைத்தால் படம் காட்டும். அதற்காகப் பின்னால் இன்னொரு எம்பிவியை ஓட்டும். நெட்வொர்க்கில் உள்ள கோப்புகளுக்கு அது இயல்பாக வேலை செய்யாது, நான்தான் அமைப்பைத் திருத்தி அதையும் ஆன் செய்தேன். என் லேப்டாப் எட்டாம் தலைமுறை இன்டெல், கோப்புகள் ஏவி1 என்ற வீடியோ வகை. இன்டெலில் பதினொன்றாம் தலைமுறைக்கு முன்னால் ஏவி1ஐப் பிரிக்க வன்பொருள் உதவி (சில்லில் அதற்கென்றே உள்ள தனிப் பகுதி) கிடையாது. ஆக ஒரே கோப்பை இரண்டு எம்பிவி, இரண்டும் பிராசஸரிலேயே. மவுஸ் தெரியாமல் பட்டையில் நின்றுவிட்டால் படம் தள்ளாடும். இப்போது அந்த அமைப்பைப் பழையபடி வைத்துவிட்டேன்.

ராஸ்பெரி

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினைக்கு எங்கே கேட்டாலும் முதல் பதில் "நைஸ் போடு, முன்னுரிமையைக் குறை" என்பதுதான். நானும் ராஸ்பெரி பை 4 என்ற என் குட்டிக் கம்ப்யூட்டரில் அதைத்தான் செய்தேன். சூடு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. ஏனென்றால் நைஸ் என்பது வேறு யாராவது கேட்டால் வழி விடுவது மட்டும்தான். ராத்திரி 2 மணிக்கு யார் கேட்கப் போகிறார்கள்? காலி வரிசையில் கடைசி ஆள்தான் முதல் ஆளும். பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் வேலை இன்னும் இழுக்கும்.

சத்தமும் சூடும்தான் உங்கள் கவலை என்றால் கோரைக் கட்டுப்படுத்துங்கள். எஃப்எஃப்எம்பெக்குக்கு ஒரே ஒரு த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு கோரில் ஓடும் வேலைச் சரடு) கொடுக்கலாம். லினக்ஸில் சர்வர்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் சிபியு கோட்டா 100 சதவீதம் என்று வைத்தால் ஒரு கோருக்கு மேல் போகாது. ஆனால் அந்த வேலி சர்வர் முழுவதற்கும் விழும், யாராவது பார்க்கும்போது வீடியோவை மாற்றி அனுப்ப வேண்டியிருந்தால் அதுவும் திணறும். நான் த்ரெட்டைத்தான் குறைத்தேன்.

வன்பொருள் உதவியை ஆன் செய்யுங்கள் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஆனால் ஆறாம் தலைமுறை இன்டெல் ஹெச்இவிசி என்ற வீடியோ வகையில் 8 பிட்டைத்தான் முழுதாகத் தாங்கும். 10 பிட் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. போனில் ஹெச்டிஆரில் எடுத்த குடும்ப வீடியோக்கள் பெரும்பாலும் 10 பிட்தான். அவை எப்படியும் பிராசஸருக்குத்தான் வரும்.

இதெல்லாம் வேகத்துக்கான பேச்சு. உங்கள் கேள்வி வேகம் இல்லையே, ஏன் முடியவில்லை என்பதுதானே? 600 வீடியோ என்றால் எவ்வளவு மெதுவாகப் போனாலும் பத்து ராத்திரியில் பட்டியல் பாதியாகவாவது குறைந்திருக்க வேண்டும். எடுத்த படங்கள் எங்கே சேர்கின்றன? படுக்கப் போகும் முன் அந்த ஃபோல்டரின் அளவைக் குறித்து வையுங்கள், காலையில் மறுபடி பாருங்கள்.

ஹால் சர்வர்

ராஸ்பெரி சொன்னபடி செய்தேன். ராத்திரி அளவு எவ்வளவோ, காலையிலும் அதே அளவு. ஒரு படம்கூடச் சேரவில்லை!

படங்களை வீடியோவுக்குப் பக்கத்திலேயே சேமி என்று நான் தேர்ந்தெடுத்திருந்தேன். அதாவது யுஎஸ்பி டிஸ்க்கில். சர்வர் முதலில் தன் தற்காலிக ஃபோல்டரில் எல்லாப் படத்தையும் எடுத்து முடிக்கிறது. ஒரு இரண்டு மணி நேரப் படத்துக்கு 720. அப்புறம் அதை டிஸ்க்குக்கு நகர்த்தப் போகிறது. அங்கே கதவு சாத்தியிருக்கிறது. டிஸ்க்குகள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் மவுன்ட் கட்டளையில் பார்த்தால் அந்த டிஸ்க் "படிக்க மட்டும்" என்று ஏறியிருக்கிறது. எடுத்ததை எல்லாம் கீழே கொட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகிறது, மறுநாள் முதலிலிருந்து.

ஏன் படிக்க மட்டும்? பத்து நாள் முன்பு என் தம்பி அந்த டிஸ்க்கைத் தன் விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டி, தங்கை கல்யாண வீடியோவைக் காப்பி செய்து தந்தான். கவனமாக ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் உருவினான். அந்தக் கவனம்தான் வினை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை, பாதித் தூக்கம். அப்படி விடப்பட்ட என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) டிஸ்க்கை லினக்ஸ் நம்பாது. எழுதினால் கெட்டுவிடும் என்று படிக்க மட்டும் ஏற்றிக்கொள்ளும். வீடியோக்கள் எப்போதும்போல ஓடியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் அந்த வசதியை ஆன் செய்ததும் அதே நாள்தான், பழி முழுக்க அதன் மேல் போட்டுவிட்டேன்.

டிஸ்க்கைத் தம்பியின் லேப்டாப்பில் மறுபடி மாட்டி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டி, முறையாக வெளியேற்றிக் கொண்டுவந்தேன். இப்போது எழுத முடிகிறது. கூடவே கீஃப்ரேம் மட்டும் என்பதையும் இரண்டு த்ரெட் என்பதையும் வைத்தேன். முதல் ராத்திரி ஃபேன் ஓடியது, ஆனால் பக்கத்து அறைக்குக் கேட்கவில்லை. மூன்றாம் ராத்திரி 2 மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன், டாப்பில் எஃப்எஃப்எம்பெக் இல்லை.

டாஷ்கேம் தம்பி, உங்கள் சந்தேகமும் வீண் போகவில்லை. லாகில் மூன்று பெயர்கள் மட்டும் தினமும் வருகின்றன. பழைய கேம்கார்டரின் பேட்டரி தீர்ந்தபோது நின்ற பதிவுகள், அதில் ஒன்று தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். அழிக்க மனசு வரவில்லை. அட்டவணை போன கோப்பை மீட்க ஏதாவது வழி உண்டா?

டாஷ்கேம்

அன்ட்ரங்க் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது அண்ணா. அதே கேம்கார்டரில் அதே அமைப்பில் எடுத்த ஒரு நல்ல கோப்பைப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணையை மறுபடி கட்டிப் பார்க்கும். எனக்கு ஐந்தில் நான்கு வந்தது. முதலில் நகல் எடுத்துக்கொண்டு நகலில் செய்யுங்கள். அதுவரை அந்த மூன்றையும் சர்வர் பார்க்காத வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி வையுங்கள்.