டிசம்பரில் நமக்கென்று ஒரு பண்டிகை உண்டா?

கேள்வி:
வெளிநாட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. டிசம்பர் பிறந்தாலே என் ஆறு வயது மகள், "நம்ம வீட்டுல ஏம்மா மரம் வைக்கலை?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். கிறிஸ்துமஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே வெறும் அலங்காரத்துக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவர மனம் வரவில்லை. தீபாவளி முடிந்துவிட்டது, பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1:
சகோதரி, எங்கள் வீட்டில் ஆறு வருடமாகப் பஞ்ச கணபதி கொண்டாடுகிறோம். டிசம்பர் 21 முதல் 25 வரை ஐந்து நாள். உங்களைப் போன்ற பெற்றோருக்காகவே 1985இல் ஹவாயில் சிவாய சுப்ரமுனியசுவாமி ஏற்படுத்தியது. அவர் அமெரிக்கர், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்றவர்.

கூடத்தில் பிள்ளையாரை வைத்து, தினம் ஒரு நிறத்தில் பிள்ளைகளே அலங்காரம் செய்ய வேண்டும். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை, ஆரஞ்சு. முதல் நாள் குடும்பத்துக்குள் இருக்கும் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்வது. போன வருடம் என் பையன் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டே, தங்கையின் பொம்மையை உடைத்தது தான்தான் என்று சொல்லிவிட்டான். இரண்டு மாதமாக மறைத்து வைத்திருக்கிறான்! அன்று நான் அழுதுவிட்டேன். அடுத்தடுத்த நாட்கள் அக்கம்பக்கத்தார், தொழிலில் பழகுகிறவர்கள், கலை என்று போகும். பரிசுகளைத் தினமும் பிள்ளையார் முன் சேர்த்து வைத்து ஐந்தாம் நாள்தான் பிரிப்போம்.

பதில் 2:
என்னுடன் வேலை பார்க்கும் யூத நண்பர் ஒருமுறை அவர்களுடைய ஹனுக்கா பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்திருந்தார். எட்டு இரவு, தினம் ஒரு சுடர் கூடும். மற்றவற்றை ஏற்றுவதற்கென்றே தனியாக ஒன்பதாவது மெழுகுவத்தி. அந்த வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாதாம், பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான். அவர் வீட்டுப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து சுடரையே பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சமயரீதியில் ஹனுக்கா பெரிய பண்டிகை இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் வருவதால்தான் பரிசும் கொண்டாட்டமுமாக வளர்ந்தது என்றார்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரு தயக்கம் மட்டும். 1985இல் உண்டான பண்டிகை என்றால், "இதெல்லாம் நம்ம வழக்கமா?" என்று என் மாமியார் கேட்பார்.

பதில் 1:
என் அம்மாவும் கேட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குவான்சா பண்டிகையைப் பாருங்கள். 1966இல் அவர்களில் ஒருவரான மௌலானா கரெங்கா தொடங்கியது. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு மெழுகுவத்தி: மூன்று சிவப்பு, மூன்று பச்சை, நடுவில் ஒரு கறுப்பு. முதல் நாள் கறுப்பைத்தான் ஏற்றுவார்கள், ஒற்றுமைக்காக. அன்று குழந்தைகளாக இருந்த கறுப்பின மக்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. நமக்குப் பிள்ளையாரும் புதிதில்லை, பூசையும் புதிதில்லை. தேதி மட்டும்தான் புதிது.

அப்புறம், முதல் நாள் மஞ்சள் துணியை மகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கோணலாகக் கட்டினாலும் திருத்தாதீர்கள். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.