புதுப்பிப்பு: அம்மாவின் சுங்குடிப் புடவையில் குழந்தைப் போர்வை

போன வாரம், புடவையைச் சதுரங்களாக வெட்டி இணைக்கும்போது கட்டங்களின் மூலைகள் சேரவே இல்லை, ஏன் என்று கேட்டிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டது. எல்லாத் துண்டுகளையும் ஆறரை அங்குலமாக வெட்டிவிட்டு, தையலுக்கு ஓரிடத்தில் கால் அங்குலமும் இன்னோரிடத்தில் அதற்கு மேலுமாகப் பிடித்திருக்கிறேன். பிரித்துவிட்டு, மெஷினில் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி டேப் ஒட்டி, துணி ஓரத்தை அதையொட்டியே ஓட்டினேன். இப்போது இருபுறமும் தையலுக்குப் போக, ஒவ்வொரு கட்டமும் சரியாக 6 அங்குலம். அப்புறம், அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மடிப்பை எதிரெதிர்ப் பக்கமாக அயர்ன் செய்ததும் மூலைகள் தாமாகவே பொருந்திக்கொண்டன. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது!

7க்கு 9, மொத்தம் 63 கட்டங்கள். 42க்கு 54 அங்குலம் மேல்துணி தயார்.

சிவப்புச் சாயம் இறங்குமே என்று கேட்டவர்களுக்கு: வெட்டும் முன்பே, தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டேன். அடியில் அம்மாவின் மெல்லிய வாயில் (voile) துணிப் புடவை இரண்டு அடுக்கு. அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல் முழுவதும் கையால்தான், ஞாயிறு தொடங்குகிறேன்.