ஜெர்மன் பாஸ்போர்ட் எடுக்கலாமா? மாமனார் வேண்டாம் என்கிறார்

பாறசாலைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பாறசாலை, வீட்டுக்காரருக்குக் களியக்காவிளை தாண்டி மேல்புறம் பக்கம். ரேஷன் கார்டுப்படி நான் கேரளம், அவர் தமிழ்நாடு. இரண்டு வீட்டிலும் தமிழ்தான் பேச்சு, இரண்டும் சிஎஸ்ஐ குடும்பம். 2019இல் நர்ஸ் வேலைக்கு ஸ்டுட்கார்ட் வந்தேன், அப்புறம் அவரும் மகளும் வந்தார்கள். மகன் இங்கே பிறந்தான். அப்போது எங்களுக்கு இங்கே போதிய வருடங்கள் ஆகாததால் அவனுக்கும் இந்திய பாஸ்போர்ட்தான்.

இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மொழித் தேர்வு பி1 முடிந்தது. குடியுரிமைக்கான 33 கேள்வித் தேர்வும் முடிந்தது, அதில் 17 சரியாக இருந்தால் போதும். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. நம் நாட்டில்தான் இரண்டு வைத்துக்கொள்ள முடியாது. 1955 சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக வாங்கினால் நம்முடையது தானாகப் போய்விடும்.

படிவம் நிரப்பி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மாமனார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஆகஸ்ட் 15 அன்று சர்ச் வளாகத்தில் கொடியேற்ற முதல் ஆளாக வந்து நிற்பவர். போனில் அவர் கேட்டது இதுதான்: "ஏற்கெனவே நம்மள வெள்ளக்காரன் மதம்னு சொல்லுதான். நீயும் போய் வெள்ளக்கார பாஸ்போர்ட்ட எடுத்தா, அவன் சொன்னது சரின்னு ஆயிராதா மக்களே?" எனக்குப் பதில் வரவில்லை. வெறும் வீம்பு என்றால் தள்ளிவிட்டிருப்பேன்.

இதற்கு நேர் எதிரான கேள்வி இங்கே வருகிறது. மகளுக்குப் பள்ளியில் புராட்டஸ்டன்ட் மத வகுப்பு உண்டு, மற்ற பாடம் போல அதற்கும் மதிப்பெண். டீச்சர் நல்லவர்தான். ஆனாலும் முதல் வாரமே "உங்கள் குடும்பம் எப்போது மதம் மாறியது?" என்று கேட்டார். பிள்ளை என்னிடம் வந்து, "நாம மாறினோமா?" என்றாள். நம் ஊர்ப்பக்கம் மயிலாடியில் 1806இல் ஊழியம் தொடங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே, அன்றைய ஜெர்மன் நாடான பிரஷ்யாக்காரர், அவரை அழைத்து வந்தவர் மயிலாடி வேதமாணிக்கம் என்று சொல்லிக் கொடுத்தேன். அதையே வகுப்பில் போய்ப் பேசினாள். அந்த ஜெர்மன்காரரின் பெயரை டீச்சர் கேள்விப்பட்டதே இல்லையாம்! ஊரில் பாதி மிஷன் வரலாறு அவரிலிருந்துதான் தொடங்கும்.

சர்ச் வரி பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆமாம், பதிவு செய்யும்போது மதம் எழுதினால் பிடிப்பார்கள். எங்கள் மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம். மாமியாருக்கு இன்றுவரை நம்ப முடியவில்லை, "காணிக்கைய சர்க்காரா பிரிக்கும்?" என்கிறார்.

என் கேள்வி சட்டம் பற்றி இல்லை. வீட்டுக்காரர் ஆகஸ்ட் லீவில் ஊருக்குப் போனால் சபை வாலிபர் கூட்டங்களில் பிரசங்கம் செய்வார். பாஸ்போர்ட் மாறினால் அது என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு ஊர் சபை சொந்த சபையாக இருக்குமா, விருந்தாளியாகப் போய் வரும் இடமாகிவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மெல்பர்ன் அருமனை எழுதியது:

அக்கா, நாங்கள் மாறிவிட்டோம், இப்போது ஓசிஐ கார்டுதான், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்தியா கொடுக்கும் அட்டை. ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை. விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. அப்பாவின் ரப்பர் தோட்டம் வாரிசாக வரலாம், அதற்குத் தடையில்லை. மாமனாருக்கு அந்தக் கவலையும் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

முக்கியமான விஷயம் வேறு. 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, ஓசிஐக்காரர் மிஷனரி வேலை செய்ய முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மலையேற்றம் எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆராதனைக்குப் போய் உட்கார யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கன்வென்ஷன் கூட்டத்தில் மேடையேறிப் பிரசங்கம் செய்தால் அது எதில் சேரும்? நான் வம்பு வேண்டாம் என்று பேசுவதை நிறுத்திவிட்டேன். அண்ணன் பேசுகிறவர் என்றால் இதை நன்றாக யோசியுங்கள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

மஸ்கட் தம்பி எழுதியது:

சேச்சி, உங்கள் கவலை எங்களுக்கு ஆடம்பரமாகத் தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே பிறந்த பிள்ளை எத்தனை வருடம் ஆனாலும் இந்தியன்தான், குடியுரிமை என்ற பேச்சே இல்லை. ரூவியில் சர்ச் வளாகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தமிழ் ஆராதனை நிம்மதியாக நடக்கும். மதில் சுவருக்கு வெளியே மதப் பிரசாரம் கிடையாது, அவ்வளவுதான். வேலை போனால் பெட்டி கட்ட வேண்டும். அதனால் என் பிள்ளைகளுக்கு ஊர் எது என்ற சந்தேகம் வந்ததில்லை. அதற்காக அவர்களுக்கு ஊரைப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். லீவுக்குப் போன நாலாம் நாளே கொசு, கரண்ட் கட் என்று அழுவார்கள்.

குழித்துறைக் கிழவன் எழுதியது:

மக்களே, உன் மாமனார் வயதுதான் எனக்கும். அவர் மனசு புரிகிறது, ஆனால் அவர் கணக்கு தப்பு. நம்மை அந்நியன் என்று சொல்பவன் உன் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டா சொல்கிறான்? நீ நீல நிற இந்திய பாஸ்போர்ட்டை வைத்திருந்தாலும் சொல்லத்தான் போகிறான். அவனுக்காக ஒன்றை எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

1956 அக்டோபர் 31 ராத்திரி நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்களாகப் படுத்தோம். மறுநாள் காலையில் சென்னை மாநிலம். விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை இந்தப் பக்கம் வந்தன, உங்கள் பாறசாலை நெய்யாற்றின்கரையோடு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. என் பெரியம்மா வீடு அங்கே. தமிழ்நாட்டோடு இணையும் போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணி பள்ளியாடிக் கிறிஸ்தவர். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அந்தப் போராட்டக்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தபோது யாரும் வேதக்காரன், இந்து என்று பிரித்துச் சுடவில்லை. உன் மாமனாருக்கு இதெல்லாம் தெரியும், ஞாபகப்படுத்து.

இன்னொன்றும் சொல்கிறேன். தோளை மூடும் உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டத்தில் நம் பாட்டிமார் அடிவாங்கினார்கள், 1859இல்தான் ராஜா அறிவிப்புப் போட்டார். அடித்தவர்களும் அதே ஊர்க்காரர்கள், அதே ராஜாவின் பிரஜைகள். நாடு ஒன்று என்பதற்காக யாரும் தோளை மூட விட்டுவிடவில்லை.

சரி, காரியத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? உன் வீட்டிலேயே இரண்டு மாநிலம் குடியிருக்கவில்லையா? பேசுகிறவன் இந்தியனாகவே இருக்கட்டும். நீயும் பிள்ளைகளும் மாறுங்கள்.

பாறசாலைக்காரி எழுதியது:

தாத்தா, எங்கள் இரண்டு பேருக்குமே இது தோன்றவில்லை. இங்கே நிரந்தர வசிப்பு அனுமதி இருப்பதால் அவர் இந்திய பாஸ்போர்ட்டோடு தொடரலாம். பிள்ளைகள் என்னோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மாமனாரிடம் நேற்றுப் பேசினேன். உடனே சம்மதிக்கவில்லை, "அவனாவது இருக்கட்டு" என்றார். நேசமணி பேச்சை எடுத்ததும் அரைமணி நேரம் அவரே பேசினார், பாஸ்போர்ட்டை மறந்துவிட்டார்.

அருமனைத் தம்பி, பிள்ளைகளின் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கத் தனித்தனி விண்ணப்பமா?

மெல்பர்ன் அருமனை எழுதியது:

ஆமாம் அக்கா, ஒவ்வொருவருக்கும் தனி. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சரண்டர் சர்டிபிகேட் கையில் வந்த பிறகு ஓசிஐக்குப் போடுங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், பின்னால் கேட்பார்கள்.