முன் சீட்டைப் பின்னால் திருப்ப எவ்வளவு இடம் விடணும்? (அவசரம்)

செம்பனை_ரோடு
வணக்கம். வேனைக் கேம்பர்வேனா (உள்ளயே சமைச்சுத் தங்குற வண்டியா) மாத்திட்டு இருக்கேன். முன் சீட் ரெண்டையும் பின்பக்கம் திருப்பி உட்கார்ற மாதிரி செய்யணும். சீட்டுக்குப் பின்னால எத்தனை செ.மீ. விடணும்? சமையல் பெட்டி அடிக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் வர்றார். அதுக்குள்ள பிளைவுட் வெட்டக் கொடுக்கணும்.

ஈப்போ_டீசல்
என்ன வேன்? அது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

மூணாம்_கியர்
நம்ம மலேசியாவுல வேன்னா டொயோட்டா ஹையேஸ்தான். ஹையேஸ்னா விட்டுடுங்க அண்ணே. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. பயணி சீட்டைத் தூக்கினாத்தான் எஞ்சினையே பார்க்க முடியும். அந்த எஞ்சின் மூடி மேல ஸ்விவல் தட்டை (சீட்டைச் சுத்த வைக்கிற தட்டு) போட்டா அப்புறம் எப்படித் திறப்பீங்க? நிசான் அர்வான் என்வி350-யும் அதே கதைதான். 2019-ல வந்த புது ஹையேஸ் மட்டும் வேற, அதுல எஞ்சின் முன்னால வந்துடுச்சு.

வீட்டுத்தச்சன்
பின்னால தடுப்பு இருக்கிற பேனல் வேனா, விண்டோ வேனா? பயணி பக்கம் ஒத்த சீட்டா, ரெட்டை சீட்டா? ரெட்டை சீட்டைத் திருப்பினா வண்டி அகலத்துல பாதிக்கு மேல அதுவே அடைச்சுக்கும்.

பழைய_ஸ்பானர்
மாடல் இல்ல, வருஷம் இல்ல, ஒரு அளவும் இல்ல. "எத்தனை செ.மீ."னு கேட்டா யார் சொல்வா? டேப் எடுத்துட்டு வண்டிக்குள்ள போங்க தம்பி. சீட்டோட நாலு போல்ட்டுக்கும் நடுப்புள்ளியைக் குறிச்சுக்குங்க. அதுதான் சுழலும் மையம். அங்கிருந்து (1) சீட் குஷனோட முன் விளிம்பு, (2) முதுகுச் சாய்வை நிமிர்த்தி வச்சு அதோட பின்பக்கம், (3) கதவோட உள்பக்கம், (4) கதவுத் தூண் எவ்வளவு பின்னால ஆரம்பிக்குது, (5) டேஷ்போர்டு. சீட் அகலமும் வேணும். இந்த ஆறும் இல்லாம இங்க வந்து கேட்கிறது வேலைக்காகாது.

செம்பனை_ரோடு
மன்னிக்கணும். ஹியுண்டாய் ஸ்டாரெக்ஸ், டீசல். ஒத்த சீட். நடுவுல மடக்குற குட்டி சீட் ஒண்ணு இருக்கு. ஹேண்ட்பிரேக் டிரைவருக்கு இடது கைப் பக்கம். பயணி சீட் அளவு: அகலம் 52, மையத்துல இருந்து முன் விளிம்பு 27, முதுகுப் பின்பக்கம் 36, கதவு 30, தூண் 20 பின்னால ஆரம்பிக்குது, டேஷ்போர்டு 45.

அளவுகோல்
இப்பச் சொல்லலாம். ஸ்டாரெக்ஸ்ல எஞ்சின் போனட்டுக்குள்ள இருக்கிறதால சீட்டுக்கு அடியில தொல்லை இல்ல.

சீட் சுத்தும்போது இடிக்கிறது விளிம்பு இல்ல, மூலை. பாதி அகலம் 26, முன் விளிம்பு 27. ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 37.5 செ.மீ. கதவு 30-லயே நிக்குது, அதனால கதவைத் திறந்துட்டுத்தான் சுத்தணும். ஆனா தூணைத் திறக்க முடியாதே. மையத்துல இருந்து தூணோட ஓரம் 36 செ.மீ. (30-ம் 20-ம் வச்சுப் போட்ட கணக்கு). அதாவது 1.5 செ.மீ. இடிக்கும்.

இதுக்கு வழி சீட் முன்னும் பின்னும் நகர்ற தண்டவாளத்துலயே இருக்கு. ஸ்விவல் தட்டு தண்டவாளத்துக்குக் கீழ உட்காரணும். சுத்துறதுக்கு முன்னால சீட்டை 5 செ.மீ. பின்னால தள்ளுங்க. முன் விளிம்பு 22 ஆயிடும், மூலை 34 ஆயிடும், தூணைத் தாண்டிடும். சுத்தும்போது முட்டிப் பக்கம் கதவு வழியா வரணும், முதுகுப் பக்கம் வண்டி நடுவால போகணும். முதுகு மூலை இப்ப 48.5 செ.மீ. வட்டம் போடும். அந்த நடு சீட் அங்க இருக்கக் கூடாது, ஹேண்ட்பிரேக்கும் அந்த வட்டத்துக்கு வெளியில இருக்கணும். திருப்பி முடிச்சா முதுகு டேஷ்போர்டுகிட்ட 41-ல நிக்கும், 4 செ.மீ. மிச்சம். அப்புறம் தண்டவாளத்துல சீட்டைப் பின்னறைப் பக்கம் இழுத்துக்கலாம்.

பின்னால விட வேண்டியது: இழுத்ததும் முன் விளிம்பு மறுபடி 27, ஒருத்தர் காலுக்கு 45. மையத்துல இருந்து 72 செ.மீ. எதிர்ல பெஞ்ச் போட்டு ரெண்டு பேர் எதிரும் புதிருமா உட்கார்றதா இருந்தா காலுக்கு 60, மொத்தம் 87.

டிரைவர் சீட்டை அப்படியே விட்டுடுங்க. ஸ்டீயரிங், ஹேண்ட்பிரேக் ரெண்டும் தடுக்கும். சமையல் பெட்டியை அதுக்குப் பின்னால வச்சுக்கலாம்.

ஈப்போ_டீசல்
உயரத்தையும் பாருங்க. தட்டு 3-ல இருந்து 5 செ.மீ. வரைக்கும் சீட்டைத் தூக்கிடும். உட்கார்ற இடம் தரையில இருந்து 43-45-ஐத் தாண்டினா கால் தொங்கும். பின்தரையில 12 மி.மீ. பிளைவுட்டும் வினைலும் போட்டா ஒண்ணரை செ.மீ. திரும்பக் கிடைக்கும். மேசை சீட்டுக்கு மேல 27-30 செ.மீ. இருந்தா போதும்.

இரும்புக்கடை
உயரம் பிரச்சனைனா சீட் கால்ல 4 செ.மீ. அறுத்து எடுத்துட்டு வெல்டிங் வச்சுடலாம். ஒரு மணி நேர வேலை. தட்டுக்கும் ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) செலவு பண்ண வேணாம். சாப்பாட்டு மேசைக்குப் போடுற சுழல் பேரிங் ஹார்ட்வேர் கடையில இருக்கு.

பழைய_ஸ்பானர்
இதை யாரும் செய்யாதீங்க. மேசை பேரிங் கீழ அழுத்துற பாரத்துக்குச் செஞ்சது. பிரேக் அடிச்சா சீட் முன்னால பிச்சுக்கிட்டுப் போகப் பார்க்கும். அந்த இழுப்புல மேல்தட்டு கழண்டு வந்துடும். பூட்டும் கிடையாது. பெல்ட் கொக்கி சீட்டோட சேர்ந்து இருந்தா ஆளோட பாரமும் அதே நாலு போல்ட்டுலதான் விழும். சீட் பலத்துக்கு ஐ.நா. விதி ஆர்17, பெல்ட் பிடிப்புக்கு ஆர்14. இதுல சோதிச்ச தட்டுதான்னு எழுதித் தர்றவங்ககிட்ட மட்டும் வாங்குங்க.

இரும்புக்கடை
நல்ல வெல்டிங் இரும்பை விடப் பலம். எத்தனையோ லாரி சேஸியே வெல்டிங்லதான் ஓடுது.

பழைய_ஸ்பானர்
வெல்டிங் கோடு பலமாத்தான் இருக்கும். அதுக்குப் பக்கத்துல சூடு பட்ட இடம்தான் பிளக்கும். சீட் கால் அச்சுல அழுத்தின மெல்லிய தகடு, லாரி சேஸி இல்ல. அதை இதோட ஒப்பிடுறது தெரியாதவங்க பேச்சு.

வீட்டுத்தச்சன்
சண்டை வேணாம். வயரை யாரும் சொல்லலை. சீட்டுக்கு அடியில மஞ்சள் சாக்கெட் இருந்தா அது ஏர்பேக். பேட்டரி நெகட்டிவைக் கழட்டி மூணு நிமிஷமாவது விட்டுட்டுத்தான் அதைத் தொடணும். கழட்டி வச்சிருக்கும்போது சாவியைத் திருப்பினா ஏர்பேக் விளக்கு எரிஞ்சு நின்னுடும், அப்புறம் ஸ்கேனர் வச்சுத்தான் அழிக்கணும். நடுவுல ஓட்டை உள்ள தட்டா வாங்கி வயரை அது வழியா விடுங்க. ஓரமா விட்டா சுத்தும்போது ரெண்டு தகட்டுக்கும் நடுவுல மாட்டி நறுக்கிடும். போல்ட் தலையில 8.8 இல்ல 10.9-னு எழுதியிருக்கணும்.

மூணாம்_கியர்
நடு சீட்டைக் கழட்டினா கிரான்ல (வண்டிப் பதிவுப் பத்திரம்) இருக்கிற சீட் எண்ணிக்கை மாறும். கழட்டுறதுக்கு முன்னாலயே ஜே.பி.ஜே.-ல (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்டுடுங்க. இல்லன்னா புஸ்பாகாம் (வண்டிப் பரிசோதனை நிலையம்) சோதனையில நிக்கும். ஓடும்போது சீட் முன்பக்கம் பார்த்துப் பூட்டியிருக்கணும், அதுல ரெண்டு பேச்சே இல்ல.

அளவுகோல்
பிளைவுட் வெட்டுறதுக்கு முன்னால ஒரு வேலை. பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில சீட்டை மேல இருந்து பார்க்கிற மாதிரி வெட்டுங்க, மூலையெல்லாம் அப்படியே இருக்கணும். சீட்டைக் கழட்டி, மையப் புள்ளியில ஆணி குத்தி, குஷன் உயரத்துல ஒரு பெட்டி மேல வச்சுச் சுத்துங்க. இன்னொரு அட்டையில முதுகு உயரத்துக்கும் அதையே செய்யுங்க. தூண் மேல போகப் போக உள்பக்கம் சாயும், தரையில எடுத்த அளவு அங்க பொருந்தாது.

செம்பனை_ரோடு
அட்டை வச்சுப் பார்த்தாச்சு. 5 செ.மீ. பின்னால தள்ளினா குஷன் தூணைத் தாண்டுது, 2 செ.மீ. மிச்சம். முதுகு அட்டை ஹேண்ட்பிரேக்ல படலை. ஆனா திருப்பி முடிச்சதும் சீட்டோட தலையணை (ஹெட்ரெஸ்ட்) முன் கண்ணாடித் தூணைத் தொடுது. பெட்டியை 72-ல வெட்டச் சொல்லிட்டேன். நன்றி.

ஈப்போ_டீசல்
தலையணையைக் கழட்டிட்டுச் சுத்துங்க. பின்பக்கம் இழுத்து நிறுத்தினதும் மறுபடி மாட்டிக்கலாம். 72-ஐ வெறும் தகட்டுல இருந்து அளந்தீங்களா, பெட்டியோட கதவுக் கைப்பிடியில இருந்து அளந்தீங்களா? கைப்பிடி 3 செ.மீ. நீட்டினா முட்டியில இடிக்கும்.